ஃபேட்டி லிவர் இருப்பவரின் அன்றாடம்

பத்துப் பேர் மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்துகொண்டு வந்தால் மூன்று பேரின் ஸ்கேன் ரிப்போர்ட்டிலாவது ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’ என்ற வரி இருக்கும். இது வாய்க்கு வந்த கணக்கு இல்லை. சென்னையில் 541 பேரைப் பரிசோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில் 32 சதவீதம் பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு இருந்தது. சர்க்கரை நோய் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் இருந்தது. இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வந்த கணக்கோ, பெரியவர்களில் 38 சதவீதம் என்கிறது.

ரிப்போர்ட்டைப் பார்க்கும் டாக்டர் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுவார்: “பயப்பட ஒண்ணும் இல்லை, வெயிட்டைக் குறைங்க.” வீட்டுக்கு வந்தவருக்குப் பயமும் போகாது, வெயிட்டை எப்படிக் குறைப்பது என்றும் தெரியாது. சாயங்காலம் ஆனால் உடம்பு ஏன் இப்படி அடித்துப்போட்ட மாதிரி ஆகிறது, வலது விலாவுக்குக் கீழே ஏன் ஏதோ கனமாக இருக்கிறது, இதையெல்லாம் கேட்க நினைத்திருப்பார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டிருப்பார்கள்.

கேட்காமல் விட்ட அந்தக் கேள்விகளைத்தான் மருத்துவத்தில் ‘வாழ்க்கைத் தரம்’ என்ற தலைப்பில் சேர்க்கிறார்கள். கல்லீரலில் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தழும்பு என்பது நோயின் அளவு. காலையில் எழுந்திருக்க முடிகிறதா, வேலை ஓடுகிறதா, தூக்கம் வருகிறதா, மனசு எப்படி இருக்கிறது, நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட முடிகிறதா என்பது நோயோடு வாழ்பவரின் கணக்கு. இரண்டும் ஒன்றாகவே ஏறி இறங்கும் என்று நினைத்துவிடுவோம். அப்படி நடப்பதில்லை. இந்த நோயில் கவனிக்க வேண்டிய விஷயமே அதுதான்.

கல்லீரலில் என்ன நடக்கிறது?

கல்லீரல் செல்களில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்புத் துளிகள் சேர்ந்துவிட்டால் அது ஃபேட்டி லிவர். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டதால் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. சோறு, சர்க்கரை, ஜூஸ் எனத் தேவைக்கு மிஞ்சி உள்ளே போகும் மாவுச்சத்தையும் இனிப்பையும் கல்லீரலே கொழுப்பாக மாற்றிவிடும். அப்புறம், இன்சுலினுக்கு உடம்பு சரியாகப் பணியாதபோது தொப்பையில் இருக்கும் கொழுப்பு கரைந்து இரத்தத்தில் வந்து, அதுவும் கல்லீரலில் போய்த் தங்கும். சர்க்கரை நோயும் ஃபேட்டி லிவரும் ஜோடியாக வருவது இதனால்தான். பார்ப்பதற்கு ஒல்லியாக இருந்து, வயிறு மட்டும் முன்னால் வந்திருக்கும் ஆட்களுக்கும் இது வரும். நம் ஊரில் அப்படிப்பட்டவர்கள் நிறைய. எடை எந்திரத்தைவிட இடுப்பில் சுற்றும் டேப் இங்கே அதிகம் சொல்லும்: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் கவனம் தேவை.

பெரும்பாலானவர்களுக்கு வெறும் கொழுப்போடு நின்றுவிடும். சிலருக்கு அழற்சி வரும், அதாவது கல்லீரல் செல்கள் புண்பட்டு வீங்கும். அழற்சி நீடித்தால் தழும்பு விழும். தழும்பை எஃப்0 முதல் எஃப்4 வரை பிரிக்கிறார்கள், எஃப்4 என்பது சிரோசிஸ், கல்லீரல் முழுக்கத் தழும்பேறி இறுகிவிட்ட நிலை. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போக, அழற்சி இல்லாதவர்களுக்குச் சராசரியாக 14 வருடம், அழற்சி இருப்பவர்களுக்குச் சுமார் 7 வருடம் ஆகிறது. அதாவது, திருத்திக்கொள்ள அவகாசம் இருக்கிற நோய் இது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபேட்டி லிவர் உள்ளவர்களின் உயிரை அதிகமாக எடுப்பது கல்லீரல் இல்லை, இதயம்தான். ஆகவே பி.பி., சர்க்கரை, கொலஸ்ட்ரால் மாத்திரைகளை ‘ஈரலுக்கு ஆகாது’ என்று தானாக நிறுத்தக் கூடாது. கொலஸ்ட்ராலுக்குத் தரும் ஸ்டாடின் மாத்திரையை ஃபேட்டி லிவர் என்றதும் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. உண்மையில் அவர்களுக்குத்தான் அது அதிகம் தேவைப்படுகிறது.

வாழ்க்கையை எப்படி அளப்பது?

கேள்வித்தாள் வைத்துத்தான். கல்லீரல் நோயாளிகளுக்கென்று 1999இல் ஒரு கேள்வித்தாள் வந்தது, பெயர் சி.எல்.டி.க்யூ. 29 கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் எவ்வளவு நேரம் களைப்பாக இருந்தீர்கள், வயிறு உப்பிய மாதிரி இருந்ததா, தசைப்பிடிப்பு வந்ததா, இரவில் தூக்கம் வராமல் கிடந்தீர்களா, நோய் முற்றிவிடுமோ என்று கவலைப்பட்டீர்களா, உங்கள் நோயால் குடும்பத்துக்கு என்ன ஆகுமோ என்று யோசித்தீர்களா, இப்படிப் போகும். ஒவ்வொன்றுக்கும் ‘எப்போதும்’ என்பதிலிருந்து ‘ஒருபோதும் இல்லை’ என்பது வரை ஏழு பதில்கள். பதில்களைக் கூட்டி வயிறு, களைப்பு, உடம்பு உபாதைகள், வேலை செய்யும் திறன், மனநிலை, கவலை என ஆறு பிரிவாக மதிப்பெண் போடுவார்கள். 2017இல் ஃபேட்டி லிவர்காரர்களுக்கென்றே 36 கேள்விகளோடு தனித்தாள் வந்தது. புது மருந்துகளைச் சோதிக்கும்போது ஸ்கேனோடு சேர்த்து இதையும் கேட்கிறார்கள்.

கேள்வித்தாளா, இதெல்லாம் ஒரு பரிசோதனையா என்று தோன்றலாம். 2007இல் வெளியான ஒரு ஆய்வைப் பாருங்கள். ஃபேட்டி லிவர், ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி மூன்று வகை நோயாளிகளிடமும் இந்தக் கேள்விகளைக் கேட்டார்கள். உடல் சார்ந்த பிரிவுகளில் ஃபேட்டி லிவர்காரர்களின் மதிப்பெண்தான் குறைவாக இருந்தது. ‘பயப்பட ஒண்ணும் இல்லை’ என்று வழியனுப்பப்படும் நோய்தான் அது.

களைப்பு

ஃபேட்டி லிவரில் அறிகுறியே இருக்காது என்று எங்கும் எழுதியிருக்கும். ஆனால் நோயாளிகளிடம் உட்கார்ந்து பேசினால் முதலில் வரும் சொல் களைப்புதான். இங்கிலாந்தின் நியூகாசிலில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில் ஒரு விஷயம் தெரியவந்தது: இவர்களின் களைப்பு நிஜம், மற்றவர்களைவிடத் தெளிவாகவே அதிகம். ஆனால் கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதற்கும் களைப்பின் அளவுக்கும் தொடர்பில்லை. பகலில் தூக்கம் தூக்கமாக வருவதோடும், உடம்பு அசையாமல் இருப்பதோடும்தான் அது சேர்ந்து வந்தது.

இதன் பொருள், கிரேடு 1 உள்ளவர் ‘எனக்கு ஒன்றுமே முடியவில்லை’ என்று சொன்னால் அதை நடிப்பு என்று தள்ளக் கூடாது. அதே நேரம், எல்லாவற்றுக்கும் கல்லீரலையே காரணம் காட்டவும் முடியாது. வேறு காரணங்கள் ஒளிந்திருக்கும், அவற்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். முக்கியமானது தூக்கம். இரவில் குறட்டை பலமாக இருந்து, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று பக்கத்தில் படுப்பவர் சொன்னால், அது தூக்கத்தில் மூச்சடைப்பு நோயாக இருக்கலாம். ஃபேட்டி லிவரோடு அது அடிக்கடி சேர்ந்து வரும். எட்டு மணி நேரம் படுத்தும் தூங்கின மாதிரியே இருக்காது. பெண்களுக்கு ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்க வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடமாகப் போடுகிறவர்களுக்கு பி12 குறைந்திருக்கலாம். மனச்சோர்வும் களைப்பாகத்தான் வெளியே தெரியும், அதுவும் இந்த நோயாளிகளிடம் கூடுதலாகவே காணப்படுகிறது. இவற்றில் எதைக் கண்டுபிடித்தாலும் சிகிச்சை உண்டு. கல்லீரல் அப்படியே இருந்தாலும் ஆளின் நாள் மாறிவிடும்.

வலது பக்கக் கனம் பற்றியும் சொல்லிவிடலாம். கல்லீரலின் உள்ளே வலி நரம்பு கிடையாது. அதைச் சுற்றியிருக்கும் உறைக்கு உண்டு. கொழுப்பால் கல்லீரல் பெருத்து உறை இழுபடும்போது மந்தமான ஒரு கனம் தெரியலாம். கல்லீரல் ‘அழுகுகிறது’ என்பதற்கு அது அடையாளம் இல்லை.

பயத்துக்கு ஒரு கணக்கு

கிரேடு 1 என்றால் முதல் ஸ்டேஜ், கிரேடு 3 என்றால் கடைசி ஸ்டேஜ் என்று நினைத்துத் தூக்கம் கெட்டவர்கள் ஏராளம். கேன்சரில் சொல்லும் ஸ்டேஜோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அல்ட்ராசவுண்டில் சொல்லும் கிரேடு, கல்லீரல் திரையில் எவ்வளவு வெள்ளையாகத் தெரிகிறது என்பது மட்டும்தான். பார்ப்பவரைப் பொறுத்து ஒரு கிரேடு கூடும், குறையும். தழும்பு இருக்கிறதா என்பதை அது சொல்லாது. வாழ்நாளைத் தீர்மானிப்பதோ தழும்பு.

தழும்பைக் கணிக்க ‘ஃபிப்-4’ என்ற எளிய கணக்கு இருக்கிறது. ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. இரண்டும் கல்லீரல் பாதிக்கப்படும்போது இரத்தத்தில் கூடும் என்சைம்கள், பிளேட்லெட் என்பது இரத்தம் உறைய உதவும் அணுக்கள். வயதை ஏ.எஸ்.டி. அளவால் பெருக்க வேண்டும். அதை, பிளேட்லெட் எண்ணிக்கையையும் ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 45 வயதுக்காரர் ஒருவர், ஏ.எஸ்.டி. 40, ஏ.எல்.டி. 64, பிளேட்லெட் இரண்டரை லட்சம் (கணக்கில் 250) என்று வைத்துக்கொள்வோம். மேலே 45 பெருக்கல் 40, அதாவது 1800. கீழே 250 பெருக்கல் 8, அதாவது 2000. விடை 0.9. 1.3க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 2 வரை பொறுக்கலாம். அதற்கு மேல் போனால் ஃபைப்ரோஸ்கேன் எடுத்துக் கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்ப்பார்கள். 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே வந்தால் நிம்மதி.

தேவையான எண்கள் சாதாரண இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டிலேயே இருக்கின்றன. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கிரேடைப் பார்த்துப் பயப்படுகிறவரிடம் இந்த ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவதற்கு ஒரு நிமிடம் ஆகாது. அந்த ஒரு நிமிடம் பல மாதக் கவலையை மிச்சப்படுத்தும் என்பது என் எண்ணம்.

“குடிப்பீங்களா?”

ஈரல் கெட்டுவிட்டது என்றால் நம் ஊரில் முதலில் வரும் கேள்வி இதுதான். ஐம்பது வயது அம்மா ஒருவர், வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டிருக்க மாட்டார். அவருக்கு ஃபேட்டி லிவர் என்று உறவுக்காரர்களிடம் சொல்லவே கூச்சப்படுவார். குடிக்கிறவர்களுக்கு வேறு கஷ்டம்: எவ்வளவு குடிக்கிறோம் என்று டாக்டரிடம் பாதியாகக் குறைத்துச் சொல்வார்கள். இரண்டு பக்கமும் நஷ்டம்தான். கூடவே ‘கொழுப்பு’ என்ற சொல் இருக்கிறதே, அதற்குத் தமிழில் திமிர் என்றும் பொருள் உண்டு என்பதால் கேலி செய்வதற்கும் ஆள் குறைவில்லை. வெளிநாட்டிலும் இதே பிரச்சினைதான். நோயாளிகளைப் புண்படுத்துகிறது என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லி 2023இல் சர்வதேசக் கல்லீரல் மருத்துவ அமைப்புகள் நோயின் பெயரையே மாற்றின. இப்போது ஆங்கிலத்தில் ‘மாஸ்ல்டி’ என்கிறார்கள். நம் ரிப்போர்ட்டுகளில் இன்னும் பழைய பெயர்தான் ஓடுகிறது.

மது பற்றி ஒரு வரி: ஏற்கெனவே கொழுப்பும் தழும்பும் இருக்கும் கல்லீரலுக்கு ‘கொஞ்சமாக’ என்ற பாதுகாப்பான அளவு கிடையாது. விட்டுவிடுவதே நல்லது.

அடுத்தது சாப்பாடு. டயட் என்று ஆரம்பித்தவரின் வாழ்க்கைத் தரம் பெரும்பாலும் சாப்பாட்டு மேஜையில்தான் சரிகிறது. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால், “ஒரு கரண்டி பாயசத்துல என்ன ஆயிடப் போகுது” என்று இலையில் ஊற்றிவிட்டுப் போவார்கள். வேண்டாம் என்றால் வந்த வீட்டில் மரியாதைக் குறைவு. வீட்டில் சமைப்பவரே நோயாளி என்றால் இன்னும் மோசம். எல்லோருக்கும் இட்லி, பூரி, தனக்கு மட்டும் வேறு என்று இரண்டு தடவை அடுப்பில் நிற்க வேண்டும். அப்படி யாராலும் ஆறு மாதம் ஓட்ட முடியாது. தனிச் சமையல் வைக்காமல் வீட்டுக்கே ஒரே சாப்பாடு என்று மாற்றுவதுதான் நிலைக்கும். சோற்றைக் கொஞ்சம் குறைத்து, பொரியல், கூட்டு, பருப்பு, சுண்டல், முட்டை, மீன் என்று இலையின் மற்ற பக்கத்தைக் கூட்டினால் பட்டினி கிடந்த உணர்வும் வராது. தினையும் சாமையும் நல்லவைதான், ஆனால் அவையும் மாவுச்சத்துதான். அளவு பார்க்காமல் சாப்பிட்டால் பலன் இல்லை.

இனிப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினால் நிறையப் பேருக்கு டீயில் கிடைக்கும். ஆபீசில் ஒரு நாளைக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. ஒரு டீஸ்பூனுக்கு 4 கிராம் என்றால் 32 கிராம் ஆகிவிட்டது. உலக சுகாதார அமைப்பு, ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. பந்திப் பாயசத்துக்குப் பயந்து சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தைத் தவிர்ப்பவர், இந்த நாலு டீயைத் தொட்டுப் பார்ப்பதே இல்லை. மாதத்தில் ஒரு நாள் பாயசம் குடிக்கட்டும், தினசரி டீயில் சர்க்கரையை விடட்டும். காபிப் பிரியர்களுக்கு ஒரு நல்ல செய்தி: காபி குடிப்பவர்களின் கல்லீரலில் தழும்பு குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. சர்க்கரை போடாத காபி, அவ்வளவுதான் நிபந்தனை.

எவ்வளவு குறைத்தால் போதும்?

கியூபாவில் 293 பேரை ஒரு வருடம் கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வுதான் இன்றும் எல்லோரும் சொல்லும் கணக்கு. எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கொழுப்பு இறங்குகிறது, 7 சதவீதத்துக்கு அழற்சி ஆறுகிறது, 10 சதவீதம் குறைத்தால் தழும்பே பின்வாங்குகிறது. 80 கிலோ உள்ளவருக்கு முறையே 4, 5.6, 8 கிலோ. ஆனால் அதே ஆய்வில் 10 சதவீதத்தைத் தொட்டவர் பத்தில் ஒருவர்தான். இதை நோயாளியிடம் சொல்வதில்லை. சொல்லாததால், மூன்று கிலோ குறைத்தவர் தோற்றுவிட்டதாக நினைத்து எல்லாவற்றையும் கைவிடுகிறார். 5 சதவீதம் குறைத்தவர்களுக்கே களைப்பும் மனநிலையும் தேறுகின்றன என்று வாழ்க்கைத் தர ஆய்வுகளும் காட்டுகின்றன. ஒல்லியாக இருப்பவர்களுக்கு 3 முதல் 5 சதவீதமே போதும்.

எடையே குறையாவிட்டாலும் நடந்தால் கல்லீரல் கொழுப்பு குறைகிறது. எந்திரத்தில் முள் அசையவில்லை என்று நடையை நிறுத்துகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். வாரத்தில் 150 நிமிடம் வேக நடை, அதாவது ஐந்து நாள் அரை மணி நேரம். தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பயிற்சிப் பாதை ஒதுக்கியது. முதல் நாளே எட்டையும் முடிக்க வேண்டியதில்லை. களைப்பாக இருப்பவர் பத்து நிமிடத்தில் ஆரம்பிக்கலாம், சாப்பிட்டு முடித்த கையோடு மொட்டைமாடியில் நடந்தாலும் சரி. நியூகாசில் ஆய்வில் பார்த்த மாதிரி, அசையாமல் இருப்பதும் களைப்பும் கூட்டாளிகள்.

மருந்துக்கு வருவோம். ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் கல்லீரலுக்கென்று மாத்திரை தேவையில்லை. நடுத்தரத் தழும்பு உள்ளவர்களுக்கு அமெரிக்காவில் 2024 மார்ச்சில் ரெஸ்மெட்டிரோம், 2025 ஆகஸ்டில் செமாகுளூடைட் ஊசி அனுமதி பெற்றன. இந்தியாவில் 2020இலேயே சரோகிளிட்டசார் அனுமதி பெற்றது. யாருக்கு எது என்பது கல்லீரல் டாக்டரின் வேலை. ‘லிவர் டீடாக்ஸ்’ பொடிகளையும் வாட்ஸ்அப்பில் சுற்றும் கஷாயங்களையும் தள்ளி வையுங்கள். கீழாநெல்லி நம் வீடுகளில் மஞ்சள் காமாலைக்குக் கேட்ட பெயர், ஃபேட்டி லிவரைக் கரைக்கும் என்பதற்கு ஆதாரம் போதாது. சீந்தில் கொடி சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றி 2021இல் மும்பை டாக்டர்கள் எழுதினார்கள், ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. சண்டை முடியும்வரை நம் கல்லீரலில் பரிசோதிக்க வேண்டாம்.

சிரோசிஸ் வந்துவிட்டால்

இதுவரை சொன்னது பெரும்பான்மைக்கு. சிரோசிஸ் வரை போனவர்களின் வாழ்க்கைத் தரம் சட்டென்று இறங்குகிறது, அறிவுரையும் மாறுகிறது. இரவில் கெண்டைக்காலில் தசை இழுக்கும், உடம்பெல்லாம் அரிக்கும், வயிற்றில் நீர் கோக்கும். பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பது, பேச்சு தடுமாறுவது, தெரிந்த கணக்கில் தப்பு செய்வது போன்றவை தெரிந்தால், வயசாகிவிட்டது என்று வீட்டில் விட்டுவிடக் கூடாது. கல்லீரல் வடிகட்டாத அம்மோனியா முதலான நச்சுகள் மூளையைக் குழப்புவதால் அப்படி ஆகலாம். மருந்தால் சரியாகும். நோயாளிக்கே தன்னிடம் மாற்றம் இருப்பது தெரியாது என்பதால் இதைக் கண்டுபிடிப்பது வீட்டில் இருப்பவர்கள்தான்.

இந்த நிலையில் பட்டினியும் கண்டபடி எடைக் குறைப்பும் ஆபத்து, ஏனென்றால் கரைவது தசை. ‘ஈரல் நோய்க்குப் புரதம் ஆகாது’ என்ற பழைய பத்தியம் இப்போது இல்லை. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் தினமும் 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை என்கிறார்கள். படுக்கப்போகும் முன் ஒரு சிற்றுண்டியும் கட்டாயம், நீண்ட இரவில் கல்லீரலின் கையிருப்பு தீர்ந்து தசையைக் கரைக்க ஆரம்பிப்பதைத் தடுக்க. இரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், கண் மஞ்சள், குழப்பம் இவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது.

மற்றவர்களுக்கு, ஃபிப்-4 குறைவாக வந்திருந்தால், சர்க்கரை இருப்பவர்கள் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறையும் இல்லாதவர்கள் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறையும் மறுபடி பார்த்தால் போதும். மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்துக் கிரேடு மாறியதா என்று பார்க்க வேண்டியதில்லை. அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட்டோடு ஒரு துண்டுச் சீட்டும் எடுத்துப் போங்கள்: கடந்த இரண்டு வாரத்தில் களைப்பு எத்தனை நாள், தூக்கம் எப்படி, குறட்டை உண்டா, எதை நினைத்துக் கவலை, என்ன வேலையைச் செய்ய முடியவில்லை. டோக்கன் கூப்பிடுவதற்குள் படித்துக் காட்டிவிடலாம்.